ராக்கெட் பேனரின் கடைசி வரி

திண்டிவனத்தில் யார் செத்தாலும் இரண்டு நிமிடத்தில் இமயமாகிவிடுவார். ஆக்குவது மலர்விழி. மரக்காணம் ரோட்டில் ஒரு பஞ்சர் கடைக்கும் குமரேசனின் டீக்கடைக்கும் நடுவே அவளுடைய பேனர் கடை இருக்கிறது. அவள் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவாள், அவள் புருஷன் புகழேந்தி பின்னால் இருக்கிற மெஷினில் பிரிண்ட் எடுப்பான். காதுகுத்து, கல்யாணம், கட்சி, கருமாதி என்று எது வந்தாலும் அவர்களுக்கு வேலைதான்.

அவள் கம்ப்யூட்டரில் 'சோகம்' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதற்குள் நாற்பத்திரண்டு வரிகள். அன்பின் இமயமே, பாசத்தின் சிகரமே, எங்கள் குலவிளக்கே என்று வரிசையாகக் கிடக்கும். ஆண்களுக்கு இருபத்தைந்து, பெண்களுக்குப் பதினைந்து, குழந்தைகளுக்கு இரண்டு. அந்தக் கடைசி இரண்டைத் திறக்கிற நாளில் மட்டும் அவள் டீ குடிக்க மாட்டாள். மற்றபடி ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் மவுஸ்.

இன்னொரு ஃபோல்டரில் ஒரு சட்டை இருக்கிறது. மொடமொடவென்று வெள்ளைச் சட்டை, தோளில் பட்டுக்கரை போட்ட துண்டு, தலை மட்டும் கிடையாது. செத்தவரின் ரேஷன் கார்டு போட்டோவிலிருந்து தலையை வெட்டி அதன்மேல் உட்கார வைப்பாள். வாழ்நாள் முழுக்க அழுக்கு பனியனோடு வரப்பில் நின்றவர்கூட பேனரில் அமைச்சர் மாதிரி நிற்பார். பதிமூன்று வருஷத்தில் முன்னூறு பேராவது அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். இன்னும் ஒரு சுருக்கம் விழவில்லை.

இதையெல்லாம் பொய் என்று மலர்விழி ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் டிராயிங் டீச்சருக்குப் படித்தவள். வேலை கிடைக்காமல் பேனருக்கு வந்தவள். யாராவது 'டிசைனர்' என்றால் 'ஆர்ட்டிஸ்ட்' என்று திருத்துவாள். கலை என்பது இருக்கிறதை எடுத்துக் கொஞ்சம் உப்பு காரம் போட்டுப் பரிமாறுவது என்று குமரேசன் கடையில் ஒருமுறை பெரிய விளக்கமே கொடுத்தாள். "நீ போடறது உப்பு இல்லம்மா, உப்பளமே" என்றான் குமரேசன்.

அந்த உப்பளத்தில் அதிகம் ஊறியது அவளுடைய நாய் ராக்கெட்தான். குட்டியாக இருந்தபோது ஒரு தீபாவளிக்கு முதல் வெடி வெடித்ததும் கிளம்பியது. இரண்டு நாள் கழித்து ஒலக்கூர் பெட்ரோல் பங்க் பின்னால் கண்டுபிடித்து தூக்கி வந்தான் ஆட்டோ ஸ்டாண்டு தேவா. பேரும் அவன் வைத்ததுதான். அதற்குப் பிறகு ராக்கெட் ஓடியதை யாரும் பார்த்ததில்லை. மலர்விழியின் நாற்காலிக்குக் கீழே, வெட்டிப்போட்ட ஃப்ளெக்ஸ் துண்டுகள்மேல், அவள் பாதத்தில் தாடையை வைத்துப் படுத்தே பன்னிரண்டு வருஷத்தைக் கழித்தது.

ஆனால் பிரிண்ட்டுக்குக் காத்திருக்கிற கஸ்டமரிடம் மலர்விழி சொல்கிற ராக்கெட் வேறு. அந்த ராக்கெட் பாம்பைக் கவ்வி உதறும். நள்ளிரவில் திருடனை மோப்பம் பிடிக்கும். புகழேந்தி பின்னாலேயே பஸ் ஏறி விழுப்புரம் போய், அடுத்த பஸ்ஸில் தானே திரும்பி வரும். கேட்பவர்கள் குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்ப்பார்கள். அது ஒரு கண்ணைத் திறந்து வாலை ஒருதரம் தட்டிவிட்டு மறுபடி தூங்கும். உண்மையில் அது கவ்வி உதறியது பேனர் கட்டுகிற கயிறு. திருடன் வந்தது நிஜம். கடை ஏணியைத் தூக்கிக்கொண்டு போனவனை ராக்கெட் தெருமுனை வரை வாலாட்டிக்கொண்டே போய் வழியனுப்பிவிட்டு வந்ததை ஊரே பார்த்தது.

போன மாசம் அது சாப்பிடுவதை நிறுத்தியது. யாரோ சொன்னார்கள் என்று விழுப்புரத்தில் ஒரு நாய் டாக்டரிடம் டாட்டா ஏஸில் கொண்டுபோனார்கள். கிட்னி போய்விட்டது, டிரிப் ஏற்றிப் பார்க்கலாம், வயசாகிவிட்டது இல்லையா என்றார் டாக்டர். ராக்கெட்டை டேபிளில் படுக்க வைத்தார்கள். மலர்விழி அதன் தலைமாட்டில் நின்றாள்.

அப்போது போன் வந்தது. காணையிலிருந்து சீனுவாசன். அப்பா காரியத்துக்குப் பேனர் கொடுத்திருந்தார். அப்பா முகம் இன்னும் பெரிசாக வேண்டுமாம், பேனர் முழுக்க வேண்டுமாம். ஸ்டாம்ப் சைஸ் போட்டோவை அவ்வளவு இழுத்தால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும் என்று சொல்லிப் புரியவைக்க, "ரெண்டு நிமிஷம்" என்று புகழேந்தியிடம் சைகை காட்டிவிட்டு வாசலுக்கு வந்தாள். ரோட்டில் லாரிச் சத்தம், கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. சீனுவாசன் விடுகிற ஆளில்லை. அவள் உள்ளே திரும்பியபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது. புகழேந்தி ராக்கெட்டின் தலைமேல் கையை வைத்தபடி நின்றிருந்தான். டாக்டர் டிரிப் ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

சுற்றிக் கொண்டுவர வண்டியில் வேறு துணி இல்லை. பெண் பேரைத் தப்பாகப் போட்டதால் கல்யாண வீட்டார் திருப்பி அனுப்பிய பேனர் ஒன்றுதான் கிடந்தது. 'மணமக்களை வாழ்த்த வருகை தரும் அனைவரையும் வருக வருக என வரவேற்கிறோம்' என்கிற எழுத்துக்குள் ராக்கெட் திண்டிவனம் திரும்பியது. கடைக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் புதைத்தார்கள். கடைசியில் என்ன ஆனது என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

பன்னிரண்டு வருஷம் அவள் காலடியில் கிடந்தது. அது போகிற நேரத்தில் அவள், செத்துப்போன யாரோ ஒருவருடைய மூக்கின் சைஸைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இதுதான் மலர்விழியைத் தின்றது. சாப்பிட உட்கார்ந்தால் இது, மவுஸைப் பிடித்தால் இது. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

நாலாம் நாள் குமரேசனும் தேவாவும் கடைக்கு வந்தார்கள். ரெண்டு பேர் முகத்திலும் கஸ்டமர் களை.

"ராக்கெட்டுக்கு ஒரு பேனர் போடணும்மா," என்றான் குமரேசன். "டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, எல்லாரும் சேந்து சொல்லிட்டாங்க. பத்தடிக்கு எட்டடி. கீழ எங்க போட்டோ."

"எத்தனி பேரு?"

"பதினாலு பேருக்கா," என்றான் தேவா. "என்னுது கூலிங் கிளாஸ் போட்டது அனுப்புறேன். அத கொஞ்சம் பெருசா வை."

"ராக்கெட்ட எங்க வைக்கறது?"

ரெண்டு பேரும் யோசித்தார்கள். "மேல மூலையில எங்கனா வைக்கா. அது ஒண்ணும் கேக்காது."

மலர்விழிக்குச் சிரிப்பு வந்தது, நாலு நாளில் முதல்முறையாக. ஆனால் வேலையைத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. ராக்கெட்டின் போட்டோ ஒன்றுகூட இல்லை. ஊரில் இருக்கிற எல்லார் மூஞ்சியும் அவள் கம்ப்யூட்டரில் இருந்தது. பன்னிரண்டு வருஷப் படங்களைப் புரட்டியதில் ராக்கெட் கிடைத்தது ஒரு பிறந்தநாள் போட்டோவின் ஓரத்தில் பாதி வாலாக, இன்னொன்றில் டேபிளுக்கு அடியில் ஒரு காதாக.

"நெட்டுல நல்ல நாயா ஒண்ணு எடுத்துப் போடும்மா. செத்தப்புறம் யாரு பாக்கப்போறாங்க?" என்றான் குமரேசன். அவள் பார்த்த பார்வையில் டீ கொதிக்கிறது என்று எழுந்து போய்விட்டான்.

அவளே வரைந்தாள். பேப்பரில், பென்சிலில், படித்த படிப்புக்கு ஒரு பலனாக. மடிந்த இடது காது, மூக்கின்மேல் பழைய தழும்பு, எப்போதும் மன்னிப்புக் கேட்பதுபோல இருக்கிற அந்தக் கண். படம் அரை நாளில் வந்துவிட்டது. வரிதான் வரவில்லை. 'நன்றியின் இமயமே' என்று அடித்தாள். இமயமாம்! பன் கொடுத்தால் யாரோடு வேண்டுமானாலும் போய்விடுகிற நாய். அழித்தாள். 'காவல் தெய்வமே' என்று அடித்தாள். ஏணி ஞாபகம் வந்தது. அழித்தாள். நாற்பத்திரண்டையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எந்த வரியிலும் ராக்கெட் உட்காரவில்லை. மற்றவர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்களா, அல்லது இவள்தான் அமுக்கி உட்கார வைத்தாளா என்று அப்போதுதான் முதன்முதலாகச் சந்தேகம் வந்தது.

மூணு நாள் ஆனது. "என்னா ஆர்ட்டிஸ்ட்டு, இமயமலையில ஸ்டாக்கு தீந்துபோச்சா?" என்றான் புகழேந்தி. அவன் கிண்டல் செய்தால் கவலைப்படுகிறான் என்று அர்த்தம். நாலாம் நாள் காலையில் அவள் ஃபோல்டரை மூடிவிட்டு, உள்ளதை அடிக்க ஆரம்பித்தாள்.

ராக்கெட். வயது சுமார் பன்னிரண்டு.
யாரையும் கடித்ததில்லை. யாரையும் காப்பாற்றியதும் இல்லை.
பட்டாசு, குரங்கு, சாம்பிராணிப் புகை மூன்றுக்கும் பயம்.
ஏணி திருடியவரைத் தெருமுனை வரை சென்று வழியனுப்பியது.
குமரேசன் கடையில் பன் திருடும். பிடிபட்டால் வெட்கப்படும்.
யாராவது அழுதால் பக்கத்தில் வந்து உட்காரும். ஒன்றும் செய்யாது. உட்காரும்.

இதுவரைக்கும் கை நிற்காமல் ஓடியது. இனிமேல் ஒரு வரிதான் பாக்கி. அவள் ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேகமாக அடித்தாள்.

மலர்விழியின் மடியில் உயிர் விட்டது.

பிரிண்ட் மெஷின் வரி வரியாகத்தான் துப்பும். புகழேந்தி பக்கத்தில் நின்று படித்துக்கொண்டே வந்தான். பன் திருட்டுக்குச் சிரித்தான். அழுதால் உட்காரும் என்பதில் மூக்கை உறிஞ்சினான். கடைசி வரி வெளியே வந்ததும் ஒருதரம் அவளை ஏறிட்டுப் பார்த்தான். அவள் வேறு எங்கோ பார்த்தாள்.

"கலரு சரியா கீதா?" என்று மட்டும் கேட்டான்.

"கீது," என்றாள்.

பேனரை டீக்கடைக்கு எதிரே கட்டினார்கள். திண்டிவனத்தில் பேனரை யாரும் படிப்பதில்லை, யார் படம் பெரிசு என்று பார்ப்பதோடு சரி. இதைப் படித்தார்கள். பைக்கை நிறுத்திப் படித்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்டார்கள். சிரித்துக்கொண்டே தொடங்குகிறவர்கள் முடிக்கும்போது சும்மா நின்றார்கள். போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார்கள். "என் கூலிங் கிளாஸ ஒருத்தனும் பாக்கலக்கா," என்று தேவா வந்து வருத்தப்பட்டான். பன் கணக்கை ஊரறியச் சொன்னதில் தன் கடைக்கு விளம்பரம் ஆனதாகக் குமரேசனுக்கு உள்ளூர மகிழ்ச்சி. மலர்விழியிடம் வந்து, "உம் மடியில போச்சே, குடுத்துவெச்ச நாயிம்மா," என்றார்கள் பல பேர். அவள் தலையை ஆட்டினாள். ஒவ்வொருதரம் ஆட்டும்போதும் அந்தக் கடைசி வரி குத்தியது.

அடுத்த வாரம் வல்லத்திலிருந்து ராஜ்குமார் என்று ஒருவர் வந்தார். அப்பா கண்ணையன் தவறிவிட்டார், ஞாயித்துக்கிழமை பதினாறாம் நாள் காரியம். கூடவே அவருடைய அம்மா வீரம்மாள். அறுபத்தைந்து வயசு இருக்கும், வெயிலில் காய்ந்த கெட்டியான உடம்பு, பையனைவிடச் சத்தமான குரல்.

"பாசத்தின் சிகரமேன்னு போட்டுடுங்க மேடம். அந்த வெள்ளைச் சட்டை வையுங்க," என்றார் ராஜ்குமார், ரேஷன் கார்டை நீட்டி.

"அதெல்லாம் வேணாம்," என்றாள் வீரம்மாள். "ஏம்மா, அந்த நாய்க்கு எழுதினது நீதானா?"

"ஆமாம்மா."

"எம் பேத்தி போன்ல படிச்சுக் காட்டிச்சு. அந்த நாய நான் பாத்ததே இல்ல. கேக்கச்சொல்ல பாத்தாப்புல இருந்துச்சு. நான் நாப்பத்து மூணு வருஷம் குடும்பம் பண்ண மனுஷன் இவரு. நீங்க போடற பேனர்ல நின்னா எனக்கே அடையாளம் தெரியாது. நாய்க்கு எழுதின மாதிரியே இவருக்கும் எழுது."

ராஜ்குமாருக்கு முகம் சிவந்துவிட்டது. "யம்மா! சொந்தக்காரங்க வருவாங்க. சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும்டா. உங்கப்பன் இருந்தப்ப அவரு பேசினாலே சிரிச்சவங்கதான. இப்ப மட்டும் இன்னா புதுசா?" மகனை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எழுதிக்கினியா? வெதைக்கு வெச்ச மல்லாக்கொட்டைய வறுத்துத் துன்னுடுவாரு. கேட்டா எலின்னுவாரு. வூட்ல சண்டைன்னா மோட்டாரு கொட்டாய்ல போய்ப் படுத்துக்குவாரு. அங்கயும் ஒரு தலகாணி வெச்சிருந்தாரு. டிவியில யாருனா அழுதா இவரும் அழுவாரு, கண்ணுல தூசுன்னுவாரு. என்னை 'ஏ'ன்னுதான் கூப்புடுவாரு, பேரு தெரியுமான்னே எனக்கு சந்தேகம். ஆனா எனக்குக் கால் ஒடைஞ்சு கெடந்தப்போ மூணு மாசம் தலை வாரி வுட்டாரு. கோணலாத்தான் வாருவாரு."

மலர்விழியின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. பல வருஷத்துக்குப் பிறகு தான் நிஜமாகவே ஆர்ட்டிஸ்ட் என்று தோன்றியது. ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. கேட்டதை வரிசைப்படுத்தினாள், அவ்வளவுதான். அந்த மனுஷன் கோணல் சீப்போடு திரையில் எழுந்து நின்றார்.

வீரம்மாளின் குரல் கொஞ்சம் இறங்கியது. "கடைசி வரி மட்டும் உன் நாய்க்குப் போட்ட மாதிரி போட முடியாது. அதுக்கு இருந்த குடுப்பினை இவருக்கு இல்ல. நான் பக்கத்துல இல்ல. அடுப்பாண்ட கேப்பைக் களி கிண்டிக்கினு இருந்தேன். 'ஏ'ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. களி அடிபுடிச்சிக்குமேன்னு, இரு வர்றேன்னேன். போறதுக்குள்ள போய்ட்டாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உனுக்கு அந்தக் கொறை இல்ல. நீ மடியில வெச்சு அனுப்புன."

பின்னால் மெஷின் நின்றது. புகழேந்தி நிறுத்தியிருக்க வேண்டும்.

மலர்விழி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "அது பொய்ம்மா," என்றாள்.

"எது?"

"மடியில போச்சுன்னு எழுதினது. நான் பக்கத்துல இல்ல. வாசல்ல நின்னு போன் பேசிக்கினு இருந்தேன். மத்தது எல்லாம் நெஜம். அது ஒண்ணுதான் பொய்."

வீரம்மாள் அவளையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தாள் மலர்விழி.

"ஏன் அப்டி எழுதின?"

"எழுதிட்டா நெஜமாயிடும்னு நெனச்சேன்."

"ஆச்சா?"

"ஆவலம்மா."

"ஆவாது," என்றாள் வீரம்மாள். நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்து மலர்விழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல வேள சொன்ன. இல்லன்னா நானும் ஒரு வரி பொய்யா எழுதச்சொல்லிட்டு, சாவறவரைக்கும் அதப் பாத்துக்கினு கெடந்திருப்பேன். எனக்கு உள்ளதயே போடு. அவரு போவும்போது வீரம்மா பக்கத்துல இல்ல, களி கிண்டிக்கினு இருந்தான்னு போடு." கொஞ்சம் யோசித்தாள். "களி அவருக்குத்தான்னும் போடு."

மலர்விழி அப்படியே போட்டாள். டீயோடு வந்த ராஜ்குமார் திரையைப் படித்தார். சட்டையைப் பற்றி மறுபடி பேசவில்லை. ரேஷன் கார்டைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மொபைலில் தேடி, அப்பா பனியனோடு மோட்டார் கொட்டாய் வாசலில் உட்கார்ந்திருக்கிற படம் ஒன்றை அனுப்பினார்.

அவர்கள் போன பிறகு மலர்விழி மெஷின் ரூமுக்குப் போனாள். புகழேந்தி துடைத்த மெஷினையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

"கடைசியில இன்னா பண்ணிச்சு?" என்று கேட்டாள்.

அவன் துணியை மடித்து வைத்தான். புகழேந்திக்குக் கதை சொல்ல வராது. ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டு வந்து கதை கேட்டால், 'நல்லா இருந்துச்சு' என்பான்.

"காது ரெண்டும் வாசப்பக்கம் திருப்பி வெச்சிருந்துச்சு," என்றான். "நீ கத்திக்கினு இருந்த இல்ல? உள்ள நல்லாக் கேட்டுச்சு. 'மூஞ்சி ஒடைஞ்சிடுங்க, சொன்னா கேளுங்க'ன்னு ஏழெட்டு தபா சொன்ன. நீ ஒவ்வொரு வாட்டி கத்தும்போதும் வாலு லேசா ஆடிச்சு. கடேசியா நீ, 'சரி, வந்து பேசிக்கலாம், வெச்சிடறேன்'ன்ன. அதுக்கும் ஆடிச்சு. அப்பறம் ஆடல."

"ஏன் இத எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல. நானா சொன்னா அழுவ. மெஷின்னா ரிப்பேரு பண்ணுவேன், நீ அழுதா எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியாது மலரு."

அவள் அழுதாள். ஆஸ்பத்திரியிலும் வராத, முருங்கை மரத்தடியிலும் வராத அழுகை அது. புகழேந்தி சொன்னது உண்மைதான், என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டு, பேனர் துடைக்கிற துணியை எடுத்துக் கொடுத்தான். அவள் அதிலேயே மூக்கைச் சிந்தினாள்.

சாயங்காலம் எட்டடி நீளத்துக்கு ஒரு ஸ்டிக்கர் அடித்தார்கள். பேனரில் தப்பு வந்தால் மேலே ஒட்டுப்போடுகிற வழக்கம்தான், ஆனால் இத்தனை வருஷத்தில் அவள் தப்பு என்று ஒத்துக்கொண்டு ஒட்டியது இதுதான் முதல். தேவா புது ஏணியில் ஏறி, பழைய கடைசி வரிமேல் அதை வைத்து நீவினான். கீழே குமரேசன் டீ ஆற்றுவதை விட்டுவிட்டு வந்து நின்றான். நாலைந்து பேர் கூடினார்கள். தேவா ஏணியிலிருந்தபடியே சத்தமாகப் படித்தான்.

"ராக்கெட் போகும்போது மலர்விழி வாசலில் நின்று போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் குரலைக் கேட்டு வாலாட்டிக்கொண்டே போனது."

யாரும் சிரிக்கவில்லை. குமரேசன் மட்டும் அவள் பக்கம் திரும்பினான். அவள் கதைகளை வருஷக்கணக்காகக் கேட்டவன்.

"இதாவது நெஜமாம்மா?"

"நெஜந்தாண்ணா," என்றாள் மலர்விழி.